கட்டுரையில் விடுபட்ட மூன்றாமவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு பிறந்த கதையைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கணிதத் தேற்றங்களைத் தானே நிரூபிக்கும் ‘லாஜிக் தியரிஸ்ட்’ என்ற கணினி நிரல் பற்றிய பகுதி சுவையாக இருந்தது. ஆனால் அதை ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவரின் படைப்பாகவே கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். உருவாக்கியவர்கள் மூவர். மூன்றாமவர் கிளிஃப் ஷா. அவர் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை.

1956 ஜனவரியில் சைமன் தன் மனைவி, பிள்ளைகள், மாணவர்கள் கையில் ஆளுக்கொரு அட்டை கொடுத்து, ஒவ்வொருவரையும் நிரலின் ஒரு பகுதியாக நடிக்க வைத்துச் சோதித்த கதையைக் கட்டுரையாளர் ரசித்துச் சொல்கிறார். நல்ல கதைதான். ஆனால் மனிதர்களை வைத்து ஓட்டியதை இயந்திரத்தில் ஓட்டுவது வேறு வேலை. அந்த வேலை அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான்டா மோனிகாவில், ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் நிரல் எழுதிக்கொண்டிருந்த ஷாவிடம் வந்தது. மற்ற இருவரும் இருந்தது வெகுதொலைவில், பிட்ஸ்பர்கில்.

ஷாவிடம் இருந்த ஜானியாக் கணினியின் உள்நினைவகத்தில் 4096 ‘சொற்களுக்கே’, அதாவது அத்தனை நினைவக அறைகளுக்கே, இடம். கணக்குப்போடும் நிரலுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். நிரூபணம் தேடும் நிரல் அப்படியல்ல. எந்தக் கிளை எவ்வளவு தூரம் வளரும் என்று யாருக்குத் தெரியும்? அதற்கு மூவரும் கண்ட வழி, தகவலோடு சேர்த்து, அடுத்த தகவல் எங்கே இருக்கிறது என்ற முகவரியையும் எழுதி வைப்பது. அடுத்தடுத்த அறைகள் தேவையில்லை. காலியாக இருக்கும் எந்த அறையும் போதும். வேலை முடிந்த அறைகளைத் திரும்பப் பயன்படுத்தலாம். இன்று கல்லூரிப் பிள்ளைகள் படிக்கும் ‘லிங்க்டு லிஸ்ட்’ இதுதான். யோசனையில் மூவருக்கும் பங்குண்டு. ஜானியாக்கில் அதை ஓடவைத்ததில் பெரும்பங்கு ஷாவுடையது. அதற்காக எழுந்த ஐ.பி.எல். என்ற நிரல்மொழியைப் பார்த்த பிறகுதான் கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி, இத்தகைய பட்டியல்களை நம்பியே ‘லிஸ்ப்’ நிரல்மொழியை 1958-ல் தொடங்கினார்.

பாலிடெக்னிக்கில் இதை நான் துண்டுச்சீட்டுகளை வைத்துத்தான் நடத்துவேன். ஒவ்வொரு மாணவன் கையிலும் ஓர் எண், அடுத்தவனின் பெஞ்சு எண். நடுவில் ஒருவன் டீ குடிக்கப் போய்விட்டால் அவனுக்குப் பின்னால் இருப்பவர்கள் அத்தனை பேரும் ‘காணாமல்’ போய்விடுவார்கள். பாடம் அந்த நொடியில் புரிந்துவிடும்.

ரஸ்ஸலும் வைட்ஹெட்டும் எழுதிய கணிதத் தர்க்க நூலான ‘பிரின்சிபியா மேத்தமேட்டிகா’வின் இரண்டாம் அத்தியாயத்தில் முதல் 52 தேற்றங்களில் 38-ஐ லாஜிக் தியரிஸ்ட் நிரூபித்தது. அதில் ஒரு நிரூபணம் நூலில் இருந்ததைவிடச் செறிவானது என்றும், நிரலையே இணையாசிரியராகப் போட்டு அனுப்பிய கட்டுரையை ஓர் ஆய்விதழ் மறுத்துவிட்டது என்றும் உங்கள் கட்டுரை சொல்கிறது. இரண்டும் சரி. இயந்திரத்துக்குப் பெயர் கிடைக்காத கதைக்கு ஒரு பத்தியே ஒதுக்கியவர், அதற்கு நிரல் எழுதிய மனிதரை மறந்துவிட்டதுதான் எனக்கு வருத்தம்.

1975-ல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது நியூவெல்லுக்கும் சைமனுக்கும்தான் கிடைத்தது. அதனால் வந்த குழப்பமாக இருக்கலாம். ஆனால் அந்த விருதுக்குறிப்பிலேயே ஷாவுடன் சேர்ந்து தொடங்கிய பணி என்றுதான் இருக்கிறது. சைமனும் நியூவெல்லும் அவரை ஒருநாளும் மறைத்ததில்லை. ஷாவும் அதோடு நின்றுவிடவில்லை. 1963-ல் அதே பழைய ஜானியாக்கில் ‘ஜாஸ்’ என்ற அமைப்பை உருவாக்கினார். நிரல் எழுதத் தெரியாத பொறியாளர்களும் தட்டச்சுப்பொறி முன் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் பலராகக் கணினியோடு நேரடியாக வேலை செய்ய முடிந்தது. அதைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே போடலாம்.

இணையப் பதிப்பிலாவது அவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள். பெயர்களின் வரிசை பற்றிக் குழப்பம் வேண்டாம். 1957-ல் லாஜிக் தியரிஸ்ட் பற்றி மூவரும் வெளியிட்ட கட்டுரையிலேயே இருக்கிறது: நியூவெல், ஷா, சைமன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி விரிவுரையாளர்,
திருநெல்வேலி