பூட்டும் நேரத்துக் கேள்விக்கு நன்றி

ஆய்வேட்டை நேற்று மாலை சமர்ப்பித்துவிட்டேன். படபடப்பு இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். இந்த இரண்டு ஆண்டுகளில் ஆய்வேட்டை எழுத முடியாமல் நான் எப்படித் தவித்தேன் என்பது இதைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். அதை மறுபடி சொல்லப் போவதில்லை.

நெறியாளர், வீட்டார், இயல்களைத் திருத்தித் தந்த தோழிகள், நள்ளிரவிலும் போனை எடுத்தவர்கள், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்காதவர்கள், உங்கள் எல்லாருக்கும் நேரில் வந்து நன்றி சொல்வேன். இந்த மடல் வாசிப்பறையைப் பூட்டுகிற அண்ணனுக்கு.

அண்ணே, அந்த முதல் நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டே வந்தவர், என் மேசைப் பக்கம் நின்று, "நாளைக்கு எங்கேருந்தும்மா ஆரம்பிக்கணும்?" என்று கேட்டீர்கள். என்னிடம் பதில் இல்லை. அன்று முழுக்க ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. பழைய பதிவேட்டிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து நீட்டி, "சும்மா ஒரு வரி எழுதி வெச்சுட்டுப் போங்க" என்றீர்கள். 'காலையில் உட்கார்ந்ததும் இரண்டாம் அட்டவணைக்குத் தலைப்பு' என்று எழுதினேன். மறுநாள் அந்த வேலைக்கு நாலு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் பல வாரங்களில் நான் செய்வேன் என்று சொல்லிச் செய்த முதல் காரியம் அதுதான்.

அப்புறம் தினமும் ஒரு சீட்டு. நடுவில் 11 நாள் நான் வரவே இல்லை. பன்னிரண்டாம் நாள் வந்ததும் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போகத்தான். நீங்கள் காரணம் கேட்கவில்லை. "சீட்டு அங்கேயே இருக்கும்மா" என்று மட்டும் சொன்னீர்கள். மேசை விளக்கின் அடியில் இருந்தது. தினமும் மேசையைத் துடைப்பவர் நீங்கள்தான். அதை எடுத்து, துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்திருக்கிறீர்கள், 11 நாளும். அது உறைத்தபோது கண் கலங்கிவிட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

நம்பிக்கை வரட்டும், பிறகு தொடங்கலாம் என்றுதான் அதுவரை காத்திருந்தேன். சி. ஆர். ஸ்னைடர் என்ற உளவியலாளர் நம்பிக்கையை வெறும் உணர்வாகப் பார்க்கவில்லை. இலக்குக்குப் போகும் வழி தெரிவதும், அந்த வழியில் நம்மால் போக முடியும் என்ற உந்துதலும் சேர்ந்ததே நம்பிக்கை என்றார். எனக்கு இரண்டுமே இல்லாமல் போயிருந்தது. எப்போது, எங்கே, எப்படிச் செய்வோம் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்தால் செயலைத் தொடங்குவது எளிதாகிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற இன்னொரு உளவியலாளர் 1999-இல் எழுதினார். இதையெல்லாம் நான் படித்தது பின்னால்தான். அதற்கு முன்பே அந்தச் சீட்டு எனக்கு வழியைக் காட்டியிருந்தது. ஒரு வரியை முடித்தால் அடுத்த வரியும் முடியும் என்று தோன்றும். அந்தத் தோன்றல் சின்னதுதான், ஆனால் அடுத்த நாள் காலை என்னை எழுப்பி அனுப்ப அது போதுமானதாக இருந்தது.

சரி, ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். வெறும் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் யாரையாவது கண்டால், உங்கள் கேள்வியை நானும் கேட்பேன். அவர் நடுவில் எத்தனை நாள் வராமல் போனாலும் சீட்டை எடுத்துப் போட மாட்டேன்.

திங்கட்கிழமை பூட்டும் நேரத்துக்கு வருகிறேன் அண்ணே. ஆய்வேட்டின் ஒரு பிரதி உங்களுக்கு. இரண்டாம் அட்டவணை இருக்கும் பக்கத்தில் அந்த முதல் சீட்டை வைத்திருக்கிறேன்.