புகார்: சால்வைப் பெட்டியில் நூல் குறைவு, பிறகு அனுப்பிய நூலும் வேறு சாயம்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் புலன (வாட்ஸ்அப்) எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் முகநூல் பக்கத்துக்கும் எழுதி எழுதி ஓய்ந்துவிட்டேன். ‘உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம்’ என்ற ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் இதைத் தாளில் எழுதிப் பதிவுத் தபாலிலும் அனுப்புகிறேன். கம்ப்யூட்டர் படிக்காமல் ஒரு மனிதர் படித்தால் புண்ணியமாகப் போகும்.

பொருள் உங்களுடையது, விளக்கத் தேவையில்லை. தொடக்கநிலை குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) சால்வைப் பெட்டி, லவெண்டர் நிறம், 89.90 ரிங்கிட். அட்டையில் ‘50 கிராம் நூலுருண்டை 3’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். உள்ளே இருந்தது இரண்டு. புகார் இவ்வளவுதான். ஓர் உருண்டை நூல். அதைக் கொடுத்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

‘வந்த உடனே ஏன் சொல்லவில்லை’ என்று உங்களில் ஒருவர் கேட்டார். பெட்டி வந்த அன்றே, ஒட்டுநாடாவை வெட்டியதும், படம் எடுத்துப் புலனத்தில் அனுப்பினேன். நீல டிக் விழுந்திருக்கிறது. அதற்கு உங்கள் ஆள் எழுதிய பதிலும் என் கைப்பேசியில் இருக்கிறது: ‘மூன்றாவது உருண்டை தனியாக வரும். நீங்கள் தாராளமாகப் பின்னத் தொடங்குங்கள்.’ தொடங்கச் சொன்னது நீங்கள். இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இது யாருக்கு என்றும் சொல்லிவிடுகிறேன். என் மாமியார் வாரம் மூன்று முறை டையாலிசிஸ் செய்துகொள்கிறார். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ஏர்கோன் அறையில் படுத்திருக்க வேண்டும். ரத்தம் உடம்புக்கு வெளியே போய்த் திரும்பும்போது குளிர் தாங்காது. கம்பளியைப் போர்த்தினால் கனம், அதோடு ஊசி குத்திய கை மறைந்துபோகும். அந்தக் கை எப்போதும் கண்ணில் பட வேண்டும் என்று தாதியர் சத்தம் போடுவார்கள். தோளில் கிடந்தும் கிடக்காததுமாக இருக்கும் லேஸ் சால்வைதான் சரி என்று பட்டது. ‘ஏர்கோன் அறைக்கு ஏற்ற இலகுவான சால்வை, இதுவரை குரோஷே ஊசி பிடிக்காதவரும் பின்னலாம்’ என்று விளம்பரம் செய்ததும் நீங்கள்தானே. முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தோள் அது. விடியற்காலைப் பனியில் நடுங்காத மனுஷி, இப்போது பட்டப்பகலில் நடுங்குகிறார்.

நான் புதிதாகக் கற்றவள்தான். அதற்காக முட்டாள் இல்லை. நான்கு சங்கிலி போட்டு வளையமாக்கி, கழுத்துக்குப் பின்புறம் உச்சி வருகிற மாதிரி தொடங்கி, ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு ஓரத்திலும் நடு முதுகிலும் கூட்டிக்கொண்டே போகும் உங்கள் முக்கோணத்தை அச்சடித்த தாளில் உள்ளபடிதான் பின்னினேன். உங்கள் பிளாஸ்டிக் ஊசியின் வாயில் அச்சு விட்ட பிசிர் இருந்து ஒவ்வொரு கண்ணிக்கும் நூலைப் பிடித்து இழுத்தது. அதைப் பற்றிக் கூட நான் புகார் செய்யவில்லை. ஐந்தடிக் கடையில் வேறு ஊசி வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது உருண்டை வந்த கதை தனி. முகவரியில் பேரா என்றும் 31100 என்றும் தெளிவாக எழுதியிருந்தும் அதை மலாக்காவில் இருக்கிற சுங்கை சிப்புட்டுக்கு அனுப்பி வைத்தீர்கள். போன் செய்தால், ‘சுங்கை சிப்புட்டா? அது பேராவிலும் இருக்கா?’ என்று ஒருவர் கேட்கிறார். 1948 ஜூன் 16 அன்று தோட்ட நிர்வாகிகள் மூவர் சுடப்பட்டு, அதையொட்டி மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதே, அந்த ஊர் சார் இது. பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் இருக்கிற ஊர். உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை.

மலாக்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு வழியாக உருண்டை வந்து சேர்ந்தது. காகிதப் பட்டையில் வேறு லாட் எண். சாயம் ஒவ்வொரு தடவை காய்ச்சும்போதும் கொஞ்சம் மாறும், ஒரே துணிக்கு ஒரே லாட் நூல் வேண்டும் என்றுதானே அந்த எண்ணையே அச்சடிக்கிறீர்கள்? ராத்திரி குழல்விளக்கில் பார்த்தபோது இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. காலையில் வாசலில் விரித்தேன். பழையது சாம்பல் ஓடிய ஊதா, புதியது ரோஸ் ஓடிய ஊதா. வெளுத்த சட்டையில் புதுத் துணியை ஒட்டுப் போட்டதுபோல் இருக்கிறது. ‘டிசைன் மாதிரி இருக்கும் மேடம்’ என்றார் உங்கள் புலன எண்ணில் இருந்தவர். டிசைன் வேண்டுமென்றால் நான் கேட்டு வாங்கியிருப்பேன்.

அடுத்து இன்னொன்று அனுப்பினீர்கள். லாட் எண்ணைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று, ஏனென்றால் அது வேறு நூல். பெட்டியில் இருந்த நூலின் பட்டையில் கனத்தைக் காட்டும் குறி 1. இதில் 3. சால்வையின் விளிம்பில் கயிற்றைக் கட்டித் தொங்கவிடச் சொல்கிறீர்களா?

ஈப்போவுக்கு வருகிறேன். மனம் ஆறவே மாட்டேன் என்கிறது. ‘உங்கள் லாட் நூல் ஈப்போ கிளையில் இருக்கிறது, உங்கள் பெயரில் எடுத்து வைத்திருக்கிறோம், போய் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று உங்கள் தலைமை அலுவலகத்திலிருந்தே போன் செய்தார்கள். நான் வேலை செய்யும் பாலர் பள்ளியில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, மழையில் பஸ் பிடித்து மேடான் கிட் பஸ் நிலையம் போய், அங்கிருந்து கிராப் வாடகைக் கார் எடுத்து உங்கள் பேரங்காடிக் கிளைக்குப் போனேன். முகப்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு ‘உங்கள் பெயரில் ஒன்றுமில்லை, இது ஆன்லைன் பிரிவு, நாங்கள் கிளை’ என்றார். வேண்டுமானால் இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று அதே சேவை எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தார். உங்கள் கடைக்குள் நின்றுகொண்டே உங்களுக்குப் போன் செய்து, காத்திருக்கச் சொல்லி நீங்கள் போடும் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்படி நிற்கும்போதுதான் பார்த்தேன். முகப்புக்குப் பின்னால் தட்டில் அதே பெட்டி, அதே லவெண்டர். கண்ணாடித்தாள் வழியாக மூன்று உருண்டை தெரிகிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பட்டையைப் படித்தேன். என் லாட் எண்! கடைசி இலக்கம் வரை அதே எண். ‘இதிலிருந்து ஓர் உருண்டையைக் கொடுங்கள், அந்தப் பெட்டியில் குறைவதை உங்கள் தலைமை அலுவலகம் நிரப்பட்டும்’ என்று கெஞ்சினேன். பெட்டியைப் பிரிக்க அனுமதியில்லையாம். வேண்டுமென்றால் 89.90 கொடுத்து முழுப் பெட்டியையும் வாங்கிக்கொள்ளலாமாம். ஒரு உருண்டைக்கு அந்த விலை கொடுக்க நான் என்ன டத்தோ பட்டக்காரர் மனைவி டத்தினா? அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை, சொன்னதைச் செய்கிற பிள்ளை. எனக்குக் குடிக்கத் தண்ணீர் கூடக் கொடுத்தது. அனுமதி இல்லை என்று சட்டம் போட்டவரைத்தான் கேட்கிறேன். மறுநாள் அழைத்துக் கேட்டால், அந்தப் பெட்டி விற்றுப் போய்விட்டதாம்.

இப்போது அந்த மனிதர். பெயரைக் கேட்டேன், சொல்ல மறுத்தார். ஆண், தமிழர், இளவயதுக் குரல். வெள்ளிக்கிழமை மதியம் பேசியவர். உங்கள் அழைப்புகள் எல்லாம் பதிவாகிறது என்கிறீர்களே, எடுத்துக் கேளுங்கள்.

முதலில் ‘உங்க கை இறுக்கம்க்கா, அதான் நூல் பத்தல’ என்றார். அட்டையில் மூன்று போட்டு உள்ளே இரண்டு வைத்ததற்கும் என் கைக்கும் என்ன சம்பந்தம்? போகட்டும், கை இறுகினால் ஒரு கண்ணிக்கு நூல் குறைவாகத்தானே பிடிக்கும்? சால்வை சிறுத்துப் போகுமே தவிர நூல் தீராது. நூல் விற்கிற கம்பெனி ஆளுக்கு இதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பிறகு, ‘எத்தனை வரிசை பாக்கி?’ என்றார். ஒன்பது என்றேன். சிரித்தார். ‘ஒன்பது வரிசைதானேக்கா, முடிச்சுப் போட்டு விட்டுருங்கலா. டையாலிசிஸ் பேஷன்ட்தானே, யாரு பாக்கப் போறா?’

யார் பார்க்கப் போகிறார்கள்!

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தக் கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் என் கை நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நோயாளி என்றால் ஓரம் இல்லாத துணியைப் போர்த்திக்கொள்ள வேண்டுமா? அந்த நாற்காலியில் படுத்திருக்கும் பாட்டிகளும் தாத்தாக்களும் ஒருவருக்கொருவர் சட்டை, செயின், கொண்டுவந்த பிஸ்கட் வரை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பார்ப்பதற்கு அங்கே வேறு என்ன இருக்கிறது?

அந்த ‘ஒன்பது வரிசைதானே’ கணக்கையும் கேளுங்கள். உங்கள் வடிவம் மொத்தம் 48 வரிசை. வரிசைக்கு வரிசை நீளம் கூடிக்கொண்டே போவதால் முதல் உருண்டையில் எனக்கு 27 வரிசை வந்தது. இரண்டாவதில் 12தான். அதே கணக்கில் போனால் மூன்றாவது முழு உருண்டையும் அந்தக் கடைசி ஒன்பதுக்கே போய்விடும். அதாவது மூன்றில் ஒரு பங்கு நூல், மூன்றில் ஒரு பங்கு சால்வை அங்கேதான் இருக்கிறது. உங்கள் அட்டைப் படத்தில் பளபளக்கும் விசிறி ஓரமும் அந்த ஒன்பதில்தான். அது இல்லாமல் எதை நனைத்து, எந்த முனையில் குண்டூசி குத்தி, எதை விரித்துக் காய வைப்பது? தாளின் கடைசிப் பக்கம் முழுக்க அந்த வேலைதானே இருக்கிறது. நனைத்து இழுத்துக் காய வைத்தால்தான் லேஸின் கண் திறக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இந்த ஓர் உருண்டையால் எங்கள் குடும்பமே இரண்டுபட்டு நிற்கிறது. மாமியார் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்: ‘மருமக பின்றா, பின்றா, பின்னிக்கிட்டே இருக்கா. என் திதிக்குத்தான் போத்துவா போல.’ என் கணவர் ஆயத்தச் சால்வை ஒன்றை வாங்கி வந்துவிட்டார், வாக்குவாதம் வேறு. தூக்கம் போயிற்று, ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, கண்ணாடியின் பவரும் கூடிவிட்டது. இவற்றுக்கெல்லாம் சேர்த்து 5,000 ரிங்கிட் கேட்டால்கூடத் தகும்.

நான் கேட்பது அவ்வளவு இல்லை. என் பழைய லாட்டில் ஓர் உருண்டை, 50 கிராம், அதே கனம். உங்கள் நாடு முழுக்க உள்ள கிளைகளில் ஒன்றில்கூட இல்லை என்று நம்ப முடியவில்லை, தேடுங்கள். உண்மையிலேயே இல்லையென்றால் ஒரே லாட்டில் மூன்று முழு உருண்டை அனுப்புங்கள், முதலிலிருந்து பின்னிக்கொள்கிறேன். ஈப்போ பஸ், கிராப் செலவுக்கும் அரைநாள் சம்பளத்துக்கும் 70 ரிங்கிட். ரசீதுகளின் நகலை இணைத்திருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமைக்காரர் என் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னிடம் வேண்டாம், அவரிடம், தமிழிலேயே.

பெரிய கம்பெனி, நல்ல பெயர் இருக்கிறது, நல்லவர்களும் உள்ளே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இக்கடிதம் கிடைத்து 14 நாளுக்குள் பதில் கொடுத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறேன்.

இல்லையென்றால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தை நான் படித்துவிட்டேன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விற்கும் பொருள் அதன் விவரத்தோடு பொருந்த வேண்டும் என்கிறது 34ஆம் பிரிவு. அட்டையில் 3, உள்ளே 2. இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போட 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை அங்கே கேட்கலாம், அப்போது என் தூக்கத்துக்கும் கண்ணாடிக்கும் சேர்த்தே கணக்குப் போடுவேன். தீர்ப்பு வந்த பிறகும் கொடுக்காமல் இருந்தால் அது குற்றம். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் ஒரு நகல் தயாராக இருக்கிறது. அந்த மனு விசாரணைக்கு வரும் நாளில் நீங்களும் நேரில் வந்து, எங்கள் லாட் எண் பட்டைகளை வைத்துக்கொண்டு பேச வேண்டியிருக்கும்.

பெட்டி அட்டை, மூன்று விதப் பட்டைகள், 39ஆவது வரிசையில் நிற்கும் சால்வை, வாசல் வெளிச்சத்தில் இரண்டு ஊதாவும் பக்கத்தில் பக்கத்தில், எல்லாவற்றின் படமும் இத்துடன். உங்கள் ஆள் அனுப்பிய ‘தாராளமாகத் தொடங்குங்கள்’ செய்தியையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

என்னை அழைப்பதென்றால் செவ்வாய், வியாழன், சனி காலையில் வேண்டாம். டையாலிசிஸ் நிலையத்தில் இருப்பேன், அங்கே சத்தமாகப் பேச முடியாது. எனக்கோ இப்போது உங்களிடம் மெதுவாகப் பேச வரவில்லை.

இப்படிக்கு,
ஆர்டர் எண் உறையின் மேல் எழுதியுள்ள வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட், பேரா. (மலாக்கா அல்ல.)