வேண்டாம் என்று சொன்ன எல்லோருக்கும் நன்றி

பெரியபட்டினம், உச்சிப்புளி, மண்டபம், இராமநாதபுரம் பக்கத்து அண்ணன்மார், தம்பிமார், பாய்மார் அனைவருக்கும் வணக்கம்.

வண்டி வேலை முடிந்துவிட்டது. கீழே, நாலு சக்கரத்துக்கும் இழுவை போகிற பழைய ஃபோர் வீல் மஹிந்திரா ஜீப்பின் சேஸி (அடிச்சட்டம்), என்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் (சக்கரங்களைத் தாங்கிச் சுற்றும் அச்சு). மேலே, விபத்தில் சேஸி வளைந்துபோன ஒரு போலேரோவின் கேபின், கதவு, டேஷ்போர்டு, சீட். பங்கில் டீசல் போடப் போனால் “என்ன மாடல் சார் இது?” என்று கேட்கிறார்கள். எந்த மாடலைச் சொல்ல? பாதி பாதி என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

உதவியவர்களின் பேரைப் போட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். பேர் வேண்டாம் என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்லிவிட்டார்கள். ஒருவர் மட்டும் போடலாம் என்றார். அவர் பேரை மட்டும் போட்டால் மற்றவர்கள் என்னைச் சும்மா விடுவார்களா? அதனால் தொழிலை மட்டும் சொல்கிறேன். ஊரில் ஆளைத் தெரியாமலா போகும்.

தோப்புக்குப் போகிற பாதையைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு இறங்கினால் மணல், அதைத் தாண்டினால் கருவை முள், ஐப்பசி கார்த்திகையில் சேறு. போலேரோவை அப்படியே விட்டால் இழுக்க டிராக்டர் கூப்பிட வேண்டும். ஜீப் போகும். ஆனால் இடுப்பு வலிக்கு வைத்தியம் பார்க்க அம்மாவை அதில் ஏற்றிக்கொண்டு போனால், முதுகு வலியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வருவார். ஜீப்பின் காலும் போலேரோவின் உட்காரும் சுகமும் ஒரே வண்டியில் வேண்டும் என்று கிளம்பிய வேலை இது. செய்து தருகிறேன் என்று வந்தவர்கள் நிறைய. ஆனால் வண்டி இன்று ஒழுங்காக ஓடுகிறது என்றால், அங்கங்கே குறுக்கே நின்று ‘வேண்டாம்’ என்று சொன்னவர்களால்தான்.

முதல் ‘வேண்டாம்’ பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) ஐயாவிடமிருந்து வந்தது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை எடுத்து வைத்துக்கொண்டு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரமும் வண்டியும் ஒத்துப்போக வேண்டும் என்றார். கம்பெனி கொடுத்த அமைப்பை விட்டு விலகுகிற மாற்றம் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதையும் அவர்தான் எடுத்துக் காட்டினார். சேஸி நம்பர், என்ஜின், வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம்), சீட் கணக்கு எதிலும் கை வைக்காதே, பாடி வேலைக்கு வரைபடம் போட்டுக் கொண்டுவா, எழுத்தில் அனுமதி வராமல் ஒரு வெல்டிங் பொட்டுக்கூட வைக்காதே என்றார். பெரிய என்ஜின் போடலாம், சேஸியை நீட்டலாம் என்று டீக்கடையில் வளர்ந்த திட்டமெல்லாம் அதோடு முடிந்தது. காகிதம் கைக்கு வரும்வரை போலேரோ பனைமரத்தடியில்தான் கிடந்தது. எனக்குக் கிடைத்தது என்பதற்காக யாரும் முதலில் வெட்டிவிட்டுப் பிறகு அலுவலகம் போகாதீர்கள். அவர்கள் முன்னாடியே பார்த்தால்தான் பேச்சே.

அடுத்தது இராமேசுவரத்து மெக்கானிக் அண்ணன். இவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மணலிலும் அலைத் தண்ணீரிலும் ஆள் ஏற்றிப் போன வேன்களை மறந்திருக்க மாட்டீர்கள். 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை திறந்ததும் அந்தப் பிழைப்பு படுத்துவிட்டது. அந்த வேன்களுக்கு அடியில் படுத்தே காலத்தைக் கழித்தவர் இவர். ஃபோர் வீல் வண்டியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் கால்வாசி தெரிந்தவரை நான் மதுரையில்கூடப் பார்க்கவில்லை.

என் ஜீப்பின் பின் ஆக்சிலுக்குள் இருக்கிற பெரிய பல்சக்கரமான க்ரவுனில் பல் உடைந்திருந்தது. போலேரோவின் ஆக்சில்தான் முழுசாக இருக்கிறதே, தூக்கி மாட்டிவிடலாம் என்பது எல்லோருடைய யோசனையும். அண்ணன் ஒன்றும் பேசாமல் ஜீப்பின் முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினார். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, என்ஜின் பக்கமிருந்து ஆக்சிலுக்கு வந்து அதைச் சுற்றுகிற ஷாஃப்டில் ஒரு கோடு. ஆளுக்கொரு பக்கமாக இரண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னார். ஷாஃப்ட் ஐந்து சுற்றுச் சுற்றி, அதற்கு மேலும் மூன்றில் ஒரு பங்கு தாண்டி நின்றது. திறந்து எண்ணினால் க்ரவுனில் 43 பல், அதைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரமான பினியனில் 8. வகுத்துப் பாருங்கள், 5.375 வரும். அதே சோதனையை போலேரோ ஆக்சிலில் செய்தார். ஷாஃப்ட் அவ்வளவு சுற்றவில்லை.

“ஆகாது தம்பி” என்றார். முன்னும் பின்னும் வேறு வேறு கணக்கில் சுற்றினால் மணலில் சக்கரம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டுவிட்டால் இரண்டு ஆக்சிலும் ஒன்றையொன்று இழுத்து, எது பலவீனமோ அது உடையும். “அது உடையுற இடத்துல நெட்வொர்க்கும் கிடைக்காது” என்று சேர்த்துக்கொண்டார். இன்னொன்றும் காட்டினார். இந்த ஜீப்பில் பின்னால் போகிற ஷாஃப்ட் நடுவில் வராது, ஒரு பக்கமாக ஒதுங்கி வரும். போலேரோ ஆக்சிலில் ஷாஃப்ட் வந்து சேருகிற ஹவுசிங் நடுவில் இருக்கிறது. கோணலாக ஓடுகிற ஷாஃப்டில் அதன் மூட்டான கிராஸ் எத்தனை நாளைக்கு நிற்கும்?

கடைசியில் மதுரை காயலான் கடை ஒன்றில் 43க்கு 8 ஜோடி ஒன்றை அவரே தேடிப் பிடித்தார். பல்லில் நீல மை தடவி, சுற்றி, மை எங்கே அழிகிறது என்று பார்த்து, இடைவெளிக்கு வைக்கிற மெல்லிய தகடான ஷிம்மை மாற்றி, திரும்ப மை தடவி... காலையில் உட்கார்ந்தவர் விளக்கு வைத்த பிறகுதான் எழுந்தார். கூலி கறாராகத்தான் வாங்கினார். இந்த நன்றி அதற்கு மேலே.

இராமநாதபுரத்து வெல்டிங் பட்டறைத் தம்பிக்கு ஒரு கும்பிடு. கேபினைத் தாங்கும் பிராக்கெட் அத்தனையும் அவன் கை. பேட்டரி ஒயரையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றாமல் அவன் ஹோல்டரையே தொடமாட்டான். அப்படிப்பட்டவன் ஸ்டியரிங் ஷாஃப்டை மட்டும் ஒட்டிக் கொடுக்க மறுத்துவிட்டான். “உசுரு தொங்குற இடத்துல நான் வெல்டிங் வைக்கமாட்டேன், லேத்துக்குப் போங்க.” போனோம். லேத் பாய் இரண்டு ஷாஃப்டின் வரிப்பல்லுக்கும் பொருந்துகிற மாதிரி கப்ளிங் கடைந்து, போல்ட் போட்டு இறுக்குவதுபோல் செய்து கொடுத்தார்.

பிரேக் மிதியை லேசாக்குகிற பூஸ்டரின் கதை சின்னது. அது வேலை செய்ய வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பு வேண்டும். பெட்ரோல் வண்டியில் என்ஜினுக்குக் காற்றுப் போகிற மேனிஃபோல்டிலிருந்தே அது கிடைக்கும். டீசலில் அப்படிக் கிடைக்காது. வெறும் பூஸ்டரை மாட்டினால் மிதி கல்லாகத்தான் இருக்கும். வாலில் வேக்குவம் பம்ப் உள்ள ஆல்டர்னேட்டரைத் தேடிப் பொருத்தி, அதற்கு ஆயில் லைனும் இழுத்துக் கொடுத்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு நன்றி.

மண்டபத்து ஓடாவி அண்ணனை வண்டி வேலைக்குக் கூப்பிட்டபோது ஊரே சிரித்தது. படகு கட்டுகிறவருக்கு ஜீப்பில் என்ன வேலை? உப்புக்காற்று எந்த இடத்தில் முதலில் கடிக்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அடிப்பக்கம் முழுக்க ஃபைபர் அடித்து மூடிவிடலாம் என்று ஒரு யோசனை இருந்தது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தகரத்தின்மேல் ஒட்டிய ஃபைபர் ஆட்டத்தில் விளிம்பு விடும், உள்ளே உப்புத்தண்ணீர் போய் உட்காரும், வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே இரும்பு பொடியாகியிருக்கும் என்றார். “தண்ணி வர்றத தடுக்க முடியாது. போறதுக்கு வழி விடு.” தரைப்பலகையைத் தனியாக அச்சு எடுத்து, ஃபைபர் மேட்டும் ரெசினும் போட்டு வார்த்து, அடியில் ரப்பர் வைத்து போல்ட்டில் இறுக்கினார். சேஸிக்குத் துரு சுரண்டி பிரைமரும் பெயிண்டும் மட்டும். தண்ணீர் தங்கும் மூலைகளில் துளை போட்டு, அடைத்துக்கொள்ளாமல் மாதம் ஒருமுறை கம்பி விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். படகில் மாட்டுகிற சிங்க் கட்டியை சேஸியில் மாட்டலாமா என்று ஒருவர் கேட்டதற்கும் பதில் அவரிடமே கிடைத்தது: அது தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தால்தான் வேலை செய்யும், காற்றில் தொங்கினால் வெறும் பாரம்.

அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போன் எடுக்காமல் போன வெளியூர் பெயிண்டருக்கும் ஒரு வகையில் நன்றி. அவர் வராததால்தான் படகுக்கு வண்ணம் அடிக்கிற தம்பிகள் வந்தார்கள். ஆர்.சி.யில் இருக்கிற பழைய வெள்ளையே அடித்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் பிரஷ் கோடு தெரியும். தெரியட்டும்.

மணலுக்குள் இறங்கும் முன் டயர் காற்றை 35லிருந்து 18க்கு இறக்கு, ரோட்டுக்கு ஏறியதும் முதல் வேலையாகத் திரும்ப ஏற்று என்று பழக்கிக் கொடுத்த பழைய வேன் டிரைவர்கள், கொட்டகையை விட்டுக்கொடுத்த பக்கத்துத் தோப்புக்காரர், கிரீஸ் பட்ட சட்டைகளைத் துவைத்துத் துவைத்துக் கடைசியில் துவைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்ட என் மனைவி, எல்லோருக்கும் நன்றி.

கடற்கரையில் ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்கிற தம்பிகளுக்கு இப்போது நான் சொல்லும் ‘வேண்டாம்’ ஒன்று உண்டு. தை, மாசி, பங்குனியில் பங்குனி ஆமை முட்டையிட ஏறுகிற மணல் அது. தோப்புப் பாதைக்கு வாருங்கள், சாவியையே தருகிறேன்.

போலேரோவின் பின் ஆக்சில், இரண்டு பின் கதவு, ஒரு ஹீட்டர் கோர், ஜீப்பின் பழைய முன் கண்ணாடிச் சட்டம் எல்லாம் கொட்டகையில் கிடக்கின்றன. வேலை செய்தவர்களுக்குத்தான் முதல் உரிமை, காசு வேண்டாம். பொங்கலுக்குள் யாரும் எடுக்கவில்லை என்றால் மதுரைக்கு ஏற்றிவிடுவேன். ஆக்சிலைத் தூக்க நாலு பேரோடு வாருங்கள்.