வெள்ளிக்கிழமை மியூசியம், திங்கட்கிழமை கலங்கரை விளக்கம்: நான்கு நாள் சென்னைச் சுற்றுலா குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
ராயபுரம், சென்னை – 600 013.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சுற்றுலா நிறுவனம், சென்னை.

பொருள்: பதின்வயதுப் பிள்ளைகளுக்கான ‘டீன் ஸ்பெஷல்’ சென்னைச் சுற்றுலாவின் தவறான பயணத்திட்டம், இரட்டைக் கட்டணம், பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

காலாண்டு விடுமுறையில் திருநெல்வேலியிலிருந்து வந்த எங்கள் தங்கை குடும்பத்துக்காக உங்களிடம் வெள்ளி முதல் திங்கள் வரை நான்கு நாள் சுற்றுலாவை முழுப் பணம் கட்டிப் பதிவு செய்தோம். பெரியவர்கள் இருவர், பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி. கார் நேரத்துக்கு வந்தது. டிரைவர் பொறுமையானவர், அவர்மேல் எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. கோளாறு நீங்கள் அச்சடித்துக் கொடுத்த திட்டத்தில் இருக்கிறது.

முதல் நாள், வெள்ளிக்கிழமை: காலையில் எழும்பூர் அரசு அருங்காட்சியகம், மதியம் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம். இரண்டுக்கும் வார விடுமுறை வெள்ளிக்கிழமை. கடைசி நாள், திங்கட்கிழமை: காலையில் ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகம், மாலையில் மெரினா கலங்கரை விளக்கம். இரண்டுக்கும் வார விடுமுறை திங்கட்கிழமை. நான்கு இடங்களில் ஒன்றுகூடத் திறந்திருக்காத நாளாகப் பார்த்துப் போட்டிருக்கிறீர்கள். வெள்ளியையும் திங்களையும் இடம் மாற்றியிருந்தால் நான்குமே திறந்திருந்திருக்கும். கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவாகியிருக்காது.

தொலைபேசியில் உங்கள் அலுவலர் சொன்ன பதில், ‘இடம் மூடியிருந்தால் நிறுவனம் பொறுப்பல்ல’ என்ற விதி இருக்கிறது என்பது. மழைக்கோ, முக்கியப் பிரமுகர் வருகைக்கோ திடீரென்று மூடினால் அந்த விதி பொருந்தும். வாராவாரம் வரும் விடுமுறை அப்படிப்பட்டதல்ல. அதைப் பார்த்து நாளை ஒதுக்குவதுதான் பயணத்திட்டம் போடுகிறவரின் வேலை. அந்த வேலைக்குத்தான் ‘திட்டமிடல் கட்டணம்’ என்று தனியாக வாங்கியிருக்கிறீர்கள்.

பதிவுப் படிவத்தில் பிள்ளைக்குப் பிடித்தவை எவை என்று கேட்டிருந்தீர்கள். ரயில், போட்டோ எடுப்பது, தெருக்கடைச் சாப்பாடு என்று எழுதிக் கொடுத்தோம். இந்த மூன்றுக்கும் வடசென்னையை விடப் பொருத்தமான இடம் இந்த ஊரில் இல்லை. சனிக்கிழமையை நீங்களும் வடசென்னைக்குத்தான் ஒதுக்கியிருந்தீர்கள். ஆனால் ஒதுக்கிய நேரங்களைப் பார்த்தால், எழுதியவர் பாரிமுனையைத் தாண்டி வடக்கே வந்திருப்பாரா என்றே சந்தேகமாக இருக்கிறது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நீங்கள் போட்ட நேரம் காலை 11 மணி. அங்கே படகிலிருந்து மீன் இறக்குவதும் ஏலம் விடுவதும் விடியலுக்கு முன்பே தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். 11 மணிக்குப் போனால் ஈரத் தரையும் காலிக் கூடைகளும்தான் மிச்சம். ஐந்து மணிக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் முந்தின இரவு ஒன்பதுக்கெல்லாம் பிள்ளை படுக்க வேண்டும். நீங்களோ முந்தின இரவு பத்து மணி வரை நிகழ்ச்சி வைத்திருந்தீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு நாள் நாலு மணிக்கு எழுந்துகொள்ளும், அடுத்தடுத்த நாள் எழுப்ப முடியாது. அந்த ஒரு நாளை இதற்கு வைத்திருக்க வேண்டும். ஷூ வேண்டாம், ரப்பர் செருப்பு போட்டு வாருங்கள் என்ற ஒரு வரியும் குறிப்பில் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். கோடை விடுமுறைக்கும் இதே திட்டத்தை விற்கிறீர்களே, அப்போது வருகிறவர்களிடம் என்ன சொல்வீர்கள்?

ராயபுரம் ரயில் நிலையம் உங்கள் திட்டத்தில் ‘காரில் கடந்தபடியே பார்த்தல்’. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான். அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. ரயில் பிடிக்கும் என்று முதலாவதாக எழுதிய பிள்ளைக்கு அதைக் கார் கண்ணாடி வழியாகக் காட்டினால் போதுமா? காசிமேட்டில் ஏலம் பார்த்துவிட்டு ஏழு மணி வாக்கில் ராயபுரம் வந்து, கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து, அங்கேயே மின்சார ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் சென்னைக் கடற்கரை. இறங்கிப் பாரிமுனையில் டிபன். கார் தேவையே இல்லை.

‘ஐகோர்ட் கலங்கரை விளக்கில் ஏறுதல்’ என்றொரு வரி. உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் 1894 முதல் 1977 வரை விளக்கு எரிந்தது உண்மை. ஆனால் அது நினைத்தவுடன் டிக்கெட் எடுத்து ஏறும் இடமல்ல. அதே வளாகத்தில் 1844-ல் ஏற்றிய பழைய விளக்கின் தூணும் இருக்கிறது. பார்வையாளர்கள் ஏறுவது மெரினாவில் இருக்கும் விளக்கில். எது என்று நீங்கள் எழுதாததால் டிரைவர் நீதிமன்ற வாசலில் நிறுத்திவிட்டு உங்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அங்கே ஏறாமலேயே காட்டக்கூடிய ஒன்று இருக்கிறது: எம்டன் குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகப் பக்கத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டது. முதல் உலகப் போரைப் பாடப்புத்தகத்தில் படிக்கும் பிள்ளைக்கு அரை மணி நேரத்துக்குத் தாங்கும் விஷயம் இது. திட்டத்தில் அதன் பெயரே இல்லை.

அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) சாப்பிட மதியம் 1 மணி என்று போட்டது இன்னொரு கூத்து. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே அந்தத் தள்ளுவண்டிகள் களைகட்டுவது பொழுது சாய்ந்த பிறகு. மதியத்துக்கு வேறு ஏற்பாடு இல்லாததால் மூன்று பேரும் இரண்டரை மணி வரை பட்டினி. இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டரைக்குள் சாப்பாடு போட்டுவிட்டால் பாதிச் சண்டை வராது. அதோடு ஜார்ஜ் டவுனில் காரை நிறுத்த இடம் கிடைக்காது. வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோ ஏறினால் மண்ணடி, ஐகோர்ட், சென்ட்ரல், அவ்வளவுதான்.

அதன் பிறகு மாலையில் தியாகராய நகரில் பட்டுப்புடவைக் கடை, இரண்டு மணி நேரம். படிவத்தில் புடவை என்று யாரும் எழுதவில்லை. கடையில் கழிந்த அந்த நேரமும் காரின் 8 மணி நேரக் கணக்கில் சேர்ந்து, கடைசியில் ‘கூடுதல் நேரம்’ என்று ₹600 எங்களிடமே வசூலானது.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் சரியாகவே நடந்தது. திரும்பும் வழியில் ‘மெரினாவில் கடல் குளியல்’ என்று எழுதியிருப்பதை மட்டும் இன்றே நீக்குங்கள். இழுப்பு அதிகமுள்ள கடல் அது. குளிக்கப் போலீஸ் தடையும் உண்டு. மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்ட செய்தி அடிக்கடி வருகிறது. டீன் ஸ்பெஷல் என்று பெயர் வைத்த திட்டத்தில் இந்த வரி இருக்கவே கூடாது.

அறைக் கணக்கு: எங்களிடம் மூன்று பெரியவர்களுக்கான கட்டணமும் கூடுதல் படுக்கைக்கான பணமும் வாங்கினீர்கள். ஓட்டலுக்கு அனுப்பிய வவுச்சரில் ‘2 பெரியவர் + 1 குழந்தை’ என்று போட்டீர்கள். குழந்தை என்று இருந்ததால் ஓட்டல் கூடுதல் மெத்தை கொடுக்கவில்லை. இரவுக்கு ₹1,000 வீதம் மூன்று இரவுக்கு ₹3,000 அங்கே தனியாகக் கட்டி ரசீது வாங்கியிருக்கிறோம். ஒரே படுக்கைக்கு இரண்டு முறை பணம்.

ஆகவே நாங்கள் கேட்பது: படுக்கைக்கு ₹3,000, கூடுதல் நேரத்துக்கு ₹600, வெள்ளி, திங்கள் இரு நாள் கார் வாடகை ₹3,500 வீதம் ₹7,000, ஆக மொத்தம் ₹10,600. இதோடு, பார்க்காத நான்கு இடங்களுக்கு உங்கள் பில்லில் காட்டியிருக்கும் நுழைவுக் கட்டணமும் திட்டமிடல் கட்டணமும். அடுத்த முறை பார்க்கலாம் என்று தள்ளுபடிக் கூப்பன் அனுப்ப வேண்டாம், வங்கிக் கணக்கில் பணமாக வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வோம். அடுத்து, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, நாங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்போம். ₹5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

இணைப்பு: பயணத்திட்டம், பணம் செலுத்திய பில், ஓட்டல் ரசீது, வவுச்சர், கூடுதல் நேர ரசீது, நான்கு இடங்களின் விடுமுறை அறிவிப்புப் பலகைகளின் படங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்,
ராயபுரம்.