மத்திய வேலைக்குப் போகிறவர்களை முறையாக விடுவியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாநில அரசில் பத்துப் பதினைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு, நாற்பது வயதை ஒட்டி மத்திய அரசு அமைப்புகளுக்குப் போகிறவர்களைப் பற்றி வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். "சம்பள ஆசையில் ஓடுகிறார்கள்" என்பது அவர் கருத்து. நான் ஒரு பொறியியல் துறையின் ஊழியர்களின் நியமனம், விடுவிப்புக் கோப்புகளைப் பார்க்கும் பணியமைப்புப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்படிப் போனவர்களின் கோப்புகள் என் மேசையைத் தாண்டித்தான் போயின. நல்ல சம்பளத்துக்கு ஆசைப்படுவதில் என்ன தவறு? பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிற வயது, பெற்றோர் மருத்துவமனைக்குப் போகிற வயது அது. அவர்கள் போவதைவிட, எப்படி அனுப்பப்படுகிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

சம்பளக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மாநிலத்தில் உதவிப் பொறியாளரின் அடிப்படைச் சம்பளம் 37,700 ரூபாயில் தொடங்குகிறது. ஏழாவது ஊதியக் குழுவின்படி மத்திய அரசில் பத்தாம் நிலைப் பதவி 56,100-ல் தொடங்குகிறது. இதைப் பார்த்ததுமே பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆனால் ஆண்டுக்கு 3 சதவீத ஊதிய உயர்வு சேர்ந்து 15 வருடத்தில் அந்த 37,700 என்பது 58,000-ஐத் தாண்டியிருக்கும். புதிய இடத்தில் ஆரம்பச் சம்பளத்தில் உட்கார வைத்தால் அடிப்படைச் சம்பளம் கூடாது, குறையும். பழைய சம்பளத்துக்குப் பாதுகாப்புக் கொடுத்து நிர்ணயித்தால்தான் லாபம். அதற்கு முதலில் பார்ப்பது, உரிய வழியில் விண்ணப்பித்தாரா, உரிய அனுமதியோடு வந்தாரா என்பதைத்தான்.

பணிக்காலத்துக்கும் இதுவேதான் அடிப்படை. ராஜினாமா செய்தால் முந்தைய பணிக்காலம் ஓய்வூதியக் கணக்கில் சேராமல் போய்விடும் என்பது பொது விதி. முறையான அனுமதியோடு வேறொரு அரசுப் பதவியில் சேர்வதற்காக ராஜினாமா செய்தால் போகாது என்ற விலக்கும் அதிலேயே இருக்கிறது. 1978-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளிலும் உண்டு, மத்திய அரசின் விதிகளிலும் உண்டு. டெக்னிக்கல் ரெசிக்னேஷன் என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். இதற்கான அறிவுரைகளை மத்திய பணியாளர் துறை 2016 ஆகஸ்டில் ஒரே குறிப்பாணையாகத் தொகுத்தே வெளியிட்டிருக்கிறது. ஆனால் கோப்பைக் கையாளும் பிரிவுகளில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்?

ஒரு கோப்பு இன்னும் என் மனதில் இருக்கிறது. நல்ல பொறியாளர், கால்வாய் மதகு வேலைகளில் கெட்டிக்காரர். மத்திய அமைப்பு ஒன்றில் தேர்வாகி, சேர முப்பது நாள் அவகாசத்தோடு ஆணை வந்தது. நிலுவையின்மைச் சான்று கேட்டபோது, வேறொரு உபகோட்டத்தில் பல வருடங்களுக்கு முன் அவர் பெயரில் எழுதிய அளவைக் கருவி ஒன்று இன்னும் இருப்புப் பதிவேட்டில் அவர் கணக்கிலேயே நின்றது. கருவி அங்கேயே பீரோவில்தான் இருந்தது. பெயர் மாற்றி எழுத ஆளில்லை. அப்புறம் ஒரு எம்-புக், அதாவது வேலைகளின் அளவுகளைப் பதியும் புத்தகம், ஒப்படைத்ததற்கான கையெழுத்தைத் தேடினார்கள். அதற்குப் பிறகு 17(பி) விதிப்படியான ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நிலுவையில் இல்லை என்ற சான்றுக்கு மண்டல அலுவலகத்துக்குக் கடிதம் போனது. அவகாசம் முடிய சில நாட்களே இருந்தன. "சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் சார், நாளைக்கே விடுவித்துவிடலாம்" என்று பிரிவில் யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். அவரும் எழுதிக் கொடுக்கத் தயாராகிவிட்டார். கோப்பு என்னிடம் வந்தபோது அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, எந்தப் பதவியில், எந்த நியமன ஆணையின்படி சேர்வதற்காக ராஜினாமா என்று முழுதாக எழுதச் சொன்னேன். தடையில்லாச் சான்றின் எண்ணையும் தேதியையும் போடச் சொன்னேன். கடைசி நாளில் விடுவிப்பு ஆணை கையெழுத்தானது. மற்ற அலுவலகங்களில் அந்த ஒற்றை வரிக் கடிதமே ஏற்கப்பட்டு, பிறகு வருடக்கணக்கில் மனு எழுதிக்கொண்டிருந்தவர்களும் எனக்குத் தெரியும்.

போக நினைக்கிறவர்களுக்கும் சிலது சொல்ல வேண்டும். மத்திய நேரடி நியமனங்களில் அரசு ஊழியருக்கு 5 ஆண்டு வயதுத் தளர்வு என்று இருப்பது பெரும்பாலும் மத்திய அரசு ஊழியருக்குத்தான். மாநில ஊழியர்கள் அதை நம்பி வயதைக் கடக்க விட்டுவிடக் கூடாது. அதுபோல, பெயர்ப்பலகையில் "இந்திய அரசு" என்று இருந்தாலே அது அரசுத் துறை ஆகிவிடாது. தன்னாட்சி அமைப்பாகவோ, தனிச் சட்டத்தால் உருவான வாரியமாகவோ இருந்தால் ஓய்வூதியம், மருத்துவ வசதி, பணிக்காலத்தைச் சேர்ப்பது எல்லாமே வேறு. சேர்வதற்கு முன்பே எழுத்துமூலம் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள்.

ஓய்வூதியத்தில் இன்னும் கவனம் வேண்டும். 1-4-2003 முதல் சேர்ந்தவர்களுக்கான நம் மாநிலத்தின் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், தேசிய ஓய்வூதியத் திட்டத்தோடு இணையாமல் தனியாகவே நடந்துவந்தது. கணக்கு அரசு தகவல் தொகுப்பு மையத்தில் இருக்கும். விடுபட்ட சந்தாக்களை, ஊரில் இருக்கும்போதே கருவூலத்தில் சரிசெய்துகொள்ளுங்கள். டெல்லியிலிருந்தோ போபாலிலிருந்தோ அதைச் செய்வது பெரும்பாடு. மத்திய அரசின் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் 1-4-2025 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் 50 சதவீதம் ஓய்வூதியம் என்பது 25 வருடப் பணிக்கு. 42 வயதில் புதிதாகச் சேர்ந்து 60-ல் ஓய்வு பெறுபவருக்கு அங்கே 18 வருடம்தான். விகிதப்படி பார்த்தால் 36 சதவீதம். கூடுதல் சம்பளத்தைப் பார்க்கும்போது இதையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

லியன் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. புதிய இடம் ஒத்துவராவிட்டால் பழைய பணியிடத்துக்குத் திரும்பும் உரிமை அது. மத்திய அரசில் 2 ஆண்டு, தேவைப்பட்டால் இன்னும் ஓர் ஆண்டு வரை வைக்கிறார்கள். மாநிலத்திலிருந்து போகிறவர்கள் இதை விண்ணப்பத்திலேயே கேட்டு, விடுவிப்பு ஆணையில் எழுதி வாங்க வேண்டும். வாய்வார்த்தையாக "பார்த்துக்கலாம்" என்று சொன்ன அதிகாரி, இரண்டு வருடம் கழித்து அந்த நாற்காலியில் இருக்கமாட்டார்.

அரசிடம் நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. தடையில்லாச் சான்றுக்கும் விடுவிப்புக்கும் நாள் கெடு வைக்க வேண்டும். கெடுவுக்குள் ஆட்சேபம் சொல்லாவிட்டால் நிலுவை இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். விடுவிப்பு ஆணையில் "உரிய அனுமதியுடன் இன்ன பதவியில் சேர்வதற்காக" என்ற வாசகமும், லியன் உண்டா இல்லையா என்பதும் கட்டாயம் இடம்பெற வேண்டும். பணிப்பதிவேட்டை எத்தனை நாளில் புதிய அலுவலகத்துக்கு அனுப்புவார்கள் என்பதையும் அதிலேயே குறிக்க வேண்டும். மனிதவள மேலாண்மைத் துறை எல்லாத் துறைத் தலைவர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பி, மாதிரி ஆணை ஒன்றையும் இணைத்தால் பிரிவு எழுத்தர்கள் அதைப் பார்த்தே எழுதிவிடுவார்கள்.

– ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், திருச்சி