வீட்டுப் பத்திரம் விஷயமாக

அன்பு மகள் கோமுவுக்கு அப்பா எழுதுவது.

இங்கு நானும் அம்மாவும் நலம். ஆச்சிக்கு முட்டு வலிதான் குறைந்தபாடில்லை. தம்பி போன வாரம் திருப்பூரிலிருந்து வந்துவிட்டுப் போனான்.

கடிதத்தை உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். பகலில் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் கூரியர்காரர் திருப்பி எடுத்துப் போய்விடுவார் என்றுதான். போனில் சொல்லியிருக்கலாம். நீ ஸ்பீக்கரில் போட்டுப் பேசும்போது எனக்குப் பேச்சு ஓடுவதில்லை. "நல்லா இருக்கேன்பா, சாப்பிட்டாச்சு" என்கிறாய். அதோடு வைத்துவிடுகிறாய்.

விஷயம் இதுதான். நம் வீட்டை உன் பேரில் செட்டில்மென்ட் எழுதப் போகிறேன். தோட்டம் தம்பிக்கு. அவனிடம் கேட்டுவிட்டேன், "அக்காவுக்கே எழுதுங்கப்பா" என்று உடனே சொன்னான். சித்தப்பாதான் குதிக்கிறார். "பொண்ணுக்குத்தான் அறுபது பவுன் போட்டு அனுப்பியாச்சே, இன்னும் என்ன பங்கு?" என்று கோயில் வாசலில் நிறுத்திக் கேட்டார்.

அவருக்குச் சொன்ன பதிலை உனக்கும் எழுதுகிறேன். அறுபது பவுன் உன் மாமியாரின் லாக்கரில் இருக்கிறது. சாவி உன்னிடம் இல்லை. நாளைக்கே உனக்கு அவசரம் என்றால் அதில் ஒரு மோதிரத்தைக்கூட எடுக்க முடியாது. நினைத்தபோது எடுத்துப் புழங்க முடியாததை உன் சொத்து என்று நான் எப்படிக் கணக்கில் எழுதுவேன்? ஒரு பொருள் கையில் சேரச் சேர அடுத்ததால் கிடைக்கும் பயன் குறையும் என்கிற குறைந்து செல்லும் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, பொருளியலில் 200க்கு 198 எடுத்தவள் நீ. தம்பிக்குத் தொழில் இருக்கிறது, திருப்பூரில் வீட்டுக்கு முன்பணமும் கட்டிவிட்டான். அவனுக்கு இந்த வீடு இன்னொரு வீடு. உனக்கு இதுதான் முதல். அதனால் ஆளுக்குப் பாதி என்பதுதான் நியாயம் என்று என்னால் ஒப்ப முடியவில்லை.

பெரிய அத்தையை நினைத்துக்கொள். 1989ல் நம் மாநிலத்தில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது. அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005ல் மத்திய சட்டமே மாறியபோது அத்தை இல்லை. கடைசி வருஷங்களில் அவள் எங்கே கிடந்தாள், எப்படிக் கிடந்தாள் என்று நீ பார்த்தவள்.

அமர்த்திய சென் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்கிறார். ஒரு வீட்டுக்குள் ஒத்துழைப்பும் இருக்கும், இழுபறியும் இருக்கும். அந்த இழுபறியில் யார் பேச்சு எடுபடும் என்பது, உறவு முறிந்தால் யார் எந்த நிலையில் நிற்பார் என்பதைப் பொறுத்தது. போக இடமில்லாதவள் எதற்கும் சரி என்பாள். சரி சரி என்று பழகியவளுக்குத் தனக்கென்று ஒரு நலன் இருப்பதே நாளடைவில் தெரியாமல் போகும், கேட்டால் ஒரு குறையும் இல்லை என்பாள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். கோமு, இதை மட்டும் இரண்டு முறை படி.

பிரதீப் பாண்டா, பீனா அகர்வால் இருவரும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுமார் 500 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005ல் வெளிவந்தது. நிலமும் வீடும் தன் பேரில் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடிபட்டிருக்கிறார்கள். வீடு மட்டும் இருந்தவர்களில் 10 சதவீதம். இரண்டும் இருந்தவர்களில் 7. வேலைக்குப் போவதைவிட வீடும் நிலமுமே பெண்ணுக்குப் பெரிய காப்பு என்றார்கள். அந்தப் பெண் அங்கே போய்க் குடியிருக்கக்கூட வேண்டாம், போக இடம் இருக்கிறது என்று எதிரே இருப்பவருக்குத் தெரிந்தாலே போதும். நான் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. ஆய்வைத்தான் சொல்கிறேன்.

ஆடித்தபசுக்கு வந்தபோது ரத வீதியில் பூ வாங்கினாய். மூன்று முழம். பூக்காரம்மா கையை நீட்டியதும் நீ அம்மா இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து அதிலிருந்து எடுத்துக் கொடுத்தாய். மாதம் நாற்பத்தையாயிரம் வாங்குகிற பிள்ளை. "கார்டு அவர்கிட்ட இருக்குப்பா, அவர்தான் எல்லாம் பார்த்துக்கிறார்" என்றாய். கணவன் மனைவிக்குள் கணக்கு எதற்கு என்று நீ நினைக்கலாம். கணக்கே வேண்டாம் என்கிற வீட்டில் கார்டு யாரிடம் இருந்தால் என்ன, உன்னிடமே இருக்கட்டுமே. போனதும் கேட்டு வாங்கு. சம்பளக் கார்டு உன் கையில்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. மண்டபம், சாப்பாடு, சீர், நான் கூட்டுறவு வங்கியில் வாங்கிய கடன், எல்லாம் செலவழிந்து முடிந்த பணம். நீ எந்த முடிவு எடுத்தாலும் அதில் ஒரு ரூபாய் திரும்பி வராது. மூழ்கிய செலவு பாடத்துக்கு வகுப்பில் கான்கார்டு விமானத்தைத்தான் உதாரணம் சொல்வேன். அதைச் சேர்ந்து தயாரிக்க 1962ல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டன. போட்ட பணத்தை மீட்க முடியாது என்று இடையிலேயே தெரிந்தும், இவ்வளவு போட்டுவிட்டோமே என்று மேலும் மேலும் கொட்டினார்கள். போட்டது பெரிது என்பது மேலும் போடுவதற்குக் காரணம் ஆகாது. அப்பா இவ்வளவு செலவு செய்தாரே, அப்பா பேசி முடித்த சம்பந்தமாயிற்றே, ஊரில் அவர் முகம் என்ன ஆகும் என்றெல்லாம் நீ கணக்கில் சேர்க்கக் கூடாது. என் முகத்துக்கு ஒன்றும் ஆகாது. இனி வரப்போகிற வருஷங்களை மட்டும் வைத்துப் பார்.

எங்கள் ஆயுள் வரை அனுபவ உரிமை வைத்து எழுதலாம் என்று பத்திரம் எழுதுபவர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். எங்களுக்குப் பிறகு கிடைக்கிற வீடு இன்றைக்கு உனக்கு எதற்கு உதவும்? பதிவான அன்றே முழுசாக உன்னுடையது. பத்திரம் இங்கே பீரோவில் இருக்கட்டும். அடமானத்துக்கு, பிசினஸுக்கு என்று யார் கேட்டாலும், எவ்வளவு நெருங்கியவர் கேட்டாலும் கையெழுத்துப் போடாதே. படிக்காமல் எதிலும் போடாதே. கார்டையும் மறக்காதே.

மாடி அறையைச் சுத்தம் செய்து வெள்ளை அடித்தாயிற்று. பின்கதவுக்குப் புதுப் பூட்டு போட்டிருக்கிறோம். அதன் சாவி ஒன்றை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன்.

பதிவுக்கு நீயும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த மாதம் முதல் வாரத்தில் இரண்டு நாள் லீவு கேட்டுப் பார். பொதிகை ரயிலில் டிக்கெட் நானே போட்டு அனுப்புகிறேன், நீ யாரிடமும் பணம் கேட்க வேண்டாம். ஆதார், பான் கார்டு இரண்டும் அசல் வேண்டும். உன் டிகிரி சர்டிபிகேட்டுகளையும் அப்படியே எடுத்து வந்துவிடு, இங்கே பத்திரமாக இருக்கும். மாப்பிள்ளைக்கு வேலை இருந்தால் தொந்தரவு செய்ய வேண்டாம், நீ மட்டும் வந்தால் போதும். எந்தத் தேதி என்று ஆபீஸிலிருந்து ஒரு போன் செய்.

இப்படிக்கு,
அப்பா
சங்கரன்கோவில்