உருளைக்கிழங்குக்கு இரண்டு விலை: எங்கள் பகுதி வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருவொற்றியூர் தேரடியிலிருந்து எண்ணூர் வரை கடை வைத்திருக்கும் அண்ணாச்சிகளுக்கும், பாய்மார்களுக்கும், காய்கறிக் கடை அக்காக்களுக்கும், சலூன் தம்பிகளுக்கும், அறை வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். கடையில் நல்ல கூட்டம். ஒடிசாவிலிருந்து வந்து இங்கே கட்டட வேலை பார்க்கும் தம்பி ஒருவர், கூட்டம் குறையட்டும் என்று ஐஸ் பெட்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். (கடையில் அவன், இவன் என்றுதான் பேசுகிறோம். இந்த மடலில் அவர் என்றே எழுதுகிறேன்.) எட்டுப் பேர் தங்கியிருக்கும் அறைக்கு மெஸ் கணக்கு அவர் பொறுப்பு. வாராவாரம் ஒரே பட்டியல்தான்: அரிசி, உருளைக்கிழங்கு, வெங்காயம், மசூர் பருப்பு, ஒரு அட்டை முட்டை. முந்தின வாரம் அவருக்குக் காய்ச்சல். கூட வேலை பார்க்கும் எர்ணாவூர் சித்தாள் அக்காதான் பட்டியலைக் கொண்டுவந்து வாங்கிப் போயிருந்தார்.

கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் வந்தார். "அண்ணா, போன வாரம் நீங்க கம்மியா போட்டுட்டீங்க. அக்காவுக்குத் தெரியல" என்று சொல்லி நூறு ரூபாய் நோட்டு ஒன்றும் சில்லறையுமாக 125 ரூபாயை நீட்டினார். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து விரித்தும் காட்டினார். எழுத்து ஒடியா, எண்கள் நாம் எழுதுகிற அதே எண்கள். இந்தப் பக்கம் அவர் வாங்கிய வாரம், அந்தப் பக்கம் அக்கா வாங்கிய வாரம். அரிசியில் கிலோவுக்கு 4 ரூபாய் வித்தியாசம், 10 கிலோ. உருளைக்கிழங்கில் 5 ரூபாய், 6 கிலோ. வெங்காயத்தில் 5 ரூபாய், 4 கிலோ. பருப்பில் 10 ரூபாய், 2 கிலோ. முட்டைக்கு 50 பைசா, 30 முட்டை. கூட்டிப் பாருங்கள், பைசா சுத்தமாக 125 வரும்.

அக்காவுக்கு நான் போட்டதுதான் கடை விலை. அந்தத் தம்பிக்குப் பதினான்கு மாதமாக நான் போட்டுவந்தது வேறு விலை. அது அவருக்குத் தெரியாது. நான் கணக்கில் ஏமாந்துவிட்டேன் என்று நினைத்து, மிச்சத்தைக் கொடுக்க வந்திருக்கிறார்.

கடையில் இன்னும் நான்கு பேர் நின்றார்கள். எனக்கு வாய் எழவில்லை. பணத்தை வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டேன்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, 125 ரூபாயை எடுத்துக்கொண்டு அவர் அறையைத் தேடிப் போனேன். பணத்தைக் கையில் வைத்ததும், "எதுக்கு அண்ணா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை. "நீங்க வடக்கத்திக்காரர், ரேட் தெரியாது, அதனால ஏத்திப் போட்டேன்" என்று ஒரு மனிதன் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது?

அன்றிலிருந்து இதே யோசனைதான். ஆளுக்கு ஆள் விலை மாறுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். டீக்கடைக்காரர் மூட்டையாகச் சர்க்கரை எடுத்தால் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்கிறோம். புருஷன் போன பிறகு வீட்டு வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிற அக்காவுக்குப் பருப்பில் ஐந்து ரூபாய் விட்டுக்கொடுக்கிறோம். பழைய வாடிக்கைக்குக் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாகப் போடுகிறோம். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தில் கூடைக்குக் கூடை விலை ஏறும், இறங்கும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் பேசத் தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு ஒரு விலை. ஆனால் ஏலத்தில் கேட்கிற விலை சுற்றி நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழுகிறது. எம்.சி. ரோட்டுக்குப் போகிறவருக்கு அங்கே பேரம் பேசலாம் என்று தெரியும், படியாவிட்டால் அடுத்த கடைக்குப் போவார். டீக்கடைக்காரருக்கு ஏன் குறைவு என்று யார் கேட்டாலும், "மூட்டையா எடுக்கிறாரு" என்று சத்தமாகச் சொல்வேன். அந்த அக்காவுக்கு ஏன் குறைவு என்று கேட்டால், அவர் மனசு நோகக் கூடாதே என்று மெதுவாகச் சொல்வேன், ஆனால் சொல்வேன்.

கூடுதல் விலை கொடுப்பவரிடமே காரணத்தைச் சொல்ல முடியுமா? எனக்குத் தெரிந்த அளவுகோல் இது ஒன்றுதான். பாஷை தெரியாது, பலகை படிக்கத் தெரியாது, வேலை முடிந்து இருட்டிய பிறகு வேறு கடை தேடிப் போக நேரம் கிடையாது. நம்மில் பலர் ரேட்டை ஏற்றுவது இந்த மூன்றை வைத்துத்தான். மூன்றில் எதையும் அவரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

பாக்கெட் சாமானில் நம்மால் பெரிதாக விளையாட முடியாது. எம்.ஆர்.பி. அச்சடித்திருக்கிறது, அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் எடையளவுச் சட்டப்படி குற்றம். அப்படியும் தண்ணீர் பாட்டிலுக்குக் கூலிங் சார்ஜ் என்று இரண்டு ரூபாய் போடுகிற கடைகள் உண்டு, அதுவும் தப்புதான். ஒரே பொருளுக்கு இரண்டு எம்.ஆர்.பி. போட்டு விற்கக் கூடாது என்று கம்பெனிகளுக்கே 2018 ஜனவரி முதல் விதி வந்துவிட்டது. அச்சடித்த விலை இல்லாத இடத்தில்தான் நம் கை நீள்கிறது. சில்லறை அரிசி, காய்கறி, முட்டை, முடிவெட்டு, ஆட்டோ, அறை வாடகை.

அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், அன்று கண்ணால் பார்த்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும், மேலே சிமென்ட் ஷீட். ஆளுக்கு 1,500 வீதம் எட்டுப் பேருக்கு 12,000 ரூபாய். அதே காம்பவுண்டில் சமையல்கட்டோடு இருக்கிற போர்ஷனுக்கு நம்ம ஊர்க் குடும்பம் கொடுப்பது 6,000. எட்டுப் பேர் இருந்தால் தண்ணீர், கக்கூஸ் செலவு அதிகம்தான், அதற்குக் கூடுதலாக வாங்கலாம், கணக்கையும் சொல்லலாம். கரன்ட்டுக்கு யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறீர்களே, அதற்கு என்ன கணக்கு? வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-லிருந்து இருக்கிறது. அது யார் கணக்கில் சேர்கிறது? ஸ்லாப் ஏறி உண்மையிலேயே பில் அதிகம் வந்தால், பில்லைக் காட்டி வாங்குங்கள். சுவரில் ஒட்டுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், நானும் கல்லாவில் உட்கார்ந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "அவன் எப்ப வேணா ஊருக்கு ஓடிடுவான் அண்ணாச்சி, ரிஸ்க் இருக்குல்ல?" கடன் கொடுத்தால்தானே ரிஸ்க்? என் கடன் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் வெளி மாநில ஆட்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. அத்தனை பேரும் ரொக்கம், இல்லாவிட்டால் ஜிபே. வராத கடன் முழுக்க நம்ம தெருக்காரர்கள் பெயரில்தான் நிற்கிறது, அதில் என் சொந்தக்காரர்களும் உண்டு. நம்ம ஆட்களிடம் வசூல் ஆகாததை, மறு பேச்சில்லாமல் கையில் காசு கொடுக்கிறவரிடம் கிலோவுக்கு ஐந்து ரூபாயாகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இது எனக்கு நோட்டைப் பார்க்கும்வரை உறைக்கவில்லை.

"அவங்க வந்ததுல நம்ம பசங்க கூலி குறைஞ்சுது" என்பது இன்னொன்று. அந்த வேதனை நிஜம். என் தெருவிலேயே வேலை இழந்த பையன்கள் இருக்கிறார்கள். ஆனால் கூலியைக் குறைத்தது கான்ட்ராக்டர். அதற்கான தண்டத்தை உருளைக்கிழங்கில் வைத்து நான் வசூலிப்பதால் நம்ம பையனுக்கு ஒரு ரூபாய் கூலி ஏறுமா?

நம் கதையையும் நினைத்துப் பாருங்கள். பெரிய கடைகளுக்கும் ஆன்லைன் ஆட்களுக்கும் மலிவு விலை, நமக்கு அதே பிஸ்கட் பெட்டி கூடுதல் விலையா என்று எத்தனை கூட்டத்தில் கொதித்திருக்கிறோம்! 2021 டிசம்பரில் நாடு முழுக்க விநியோகஸ்தர்கள் எல்லோருக்கும் ஒரே விலை வேண்டும் என்று கேட்டு, இல்லாவிட்டால் 2022 ஜனவரி முதல் கடைகளுக்குச் சரக்குப் போட மாட்டோம் என்று கம்பெனிகளை எச்சரித்தார்கள். நாம் கை தட்டினோம். வாடகை வண்டிச் செயலிகளில் கையில் இருப்பது எந்த வகைப் போன் என்று பார்த்து ஒரே தூரத்துக்கு வேறு வேறு கட்டணம் காட்டுகிறார்கள் என்று புகார் வந்து, 2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. அப்படிச் செய்யவில்லை என்று கம்பெனிகள் மறுத்தன. அந்தச் செய்தியைப் பேப்பரில் காட்டி, "பாத்தியா, ஆளப் பாத்து ரேட் போடுறான்" என்று நான்தான் கடையில் எல்லோரிடமும் சொன்னேன். அன்றைக்கும் அந்தத் தம்பிக்கு வெங்காயம் 5 ரூபாய் கூடத்தான் போட்டிருப்பேன்.

என் அப்பா சாத்தான்குளம் பக்கத்திலிருந்து காலடிப்பேட்டைக்குக் கடைப் பையனாக வந்தவர். பேச்சு வேறு, பழக்கம் வேறு. வந்த புதிதில் படுக்க இடம் தேடி அலைந்ததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் முக்கால்வாசிப் பேர் எங்கிருந்தோ வந்தவர்கள்தான். வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களைக் கேட்டால் இன்னும் அதிகம் சொல்வார்கள்.

வடசென்னையில் கடைக்காரன் என்றால் யார் என்பதற்கு ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. பெரம்பூரில் பின்னி துணி மில் ஓடிய காலம். மில் தொழிலாளர்கள் வந்து பழகிய சிறு வியாபாரிகள் இரண்டு பேர், செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு. அந்த ஆட்கள் பட்ட பாட்டைக் காது கொடுத்துக் கேட்டு, படித்தவர்களைத் தேடிப் போய் அழைத்து வந்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். இந்த நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறார்கள். சரக்கு வாங்க வருகிறவனின் முகத்தைப் பார்த்து விலையை ஏற்றாமல், என்னப்பா விஷயம் என்று கேட்ட இரண்டு பேரால் நடந்தது அது.

இன்றைக்கு வருகிறவர்கள் ஒடிசா, அசாம், பீகார், ஜார்க்கண்ட். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021-ல் நீண்ட மெட்ரோவில் அவர்கள் உழைப்பும் இருக்கிறது, அந்த ரயிலில்தான் என் மகள் கல்லூரிக்குப் போகிறாள். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 பேர் இறந்தார்கள், அத்தனை பேரும் வெளி மாநிலத்திலிருந்து வந்தவர்கள். செய்தி கேட்டு நாம் எல்லோரும் உச்சுக் கொட்டினோம். அந்த வாரமும் நம் கடைகளில் இரண்டு விலைதான் ஓடியது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. காய்கறிக்கும் அரிசிக்கும் முட்டைக்கும் தினமும் காலையில் ஒரு பலகையில் விலை எழுதி, வெளியில் நிற்பவர் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள். ஹிந்தியில் எழுத வேண்டுமா என்று ஒரு சண்டை வரும், அது வேண்டவே வேண்டாம். உருளைக்கிழங்கு மேல் ஒரு அட்டையைச் செருகி 35 என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும். சலூனில் கட்டிங் இவ்வளவு, ஷேவிங் இவ்வளவு என்று கண்ணாடி மேல் ஒட்டுங்கள். குறைக்க நினைப்பவருக்குப் பலகை விலையிலிருந்து குறையுங்கள், அது உங்கள் மனசு. பலகைக்கு மேலே மட்டும் யாருக்கும் போகாதீர்கள். வீட்டுக்காரர்கள் கரன்ட் பில்லைக் காட்டி வாங்குங்கள். அடுத்த வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகவே கொண்டுவரப்போகிறேன். எதிர்ப்பவர்கள் அங்கே எழுந்து காரணத்தைச் சொல்லட்டும். அந்தத் தம்பியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், அவர் எதிரிலேயே சொல்லட்டும். தமிழ் அவருக்கு இப்போது நன்றாகவே புரிகிறது.

பதினான்கு மாதத்தை அறுபது வாரம் என்று வைத்தால் 7,500 ரூபாய் நான் கூடுதலாக வாங்கியிருக்கிறேன். அன்று அந்த அறை வாசலில் சொல்ல முடியாததை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையில் வைத்துச் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு, "எல்லா கடையிலயும் அப்படித்தான் அண்ணா" என்றார். வாராவாரம் பில்லில் 250 ரூபாய் கழித்து வருகிறேன். இதுவரை நான்கு வாரம் கழிந்திருக்கிறது, பாக்கி 6,500. அவர் நோட்டிலும் எழுதியிருக்கிறது, என் கடன் நோட்டிலும் முதல் பக்கத்தில் என் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
திருவொற்றியூரில் மளிகைக் கடை வைத்திருக்கும்
உங்களில் ஒருவன்